மூளைக்குள் ஒரு வெள்ளை வளையம்

“பன்னிக்கறியை வீட்டுப் பக்கமே சேர்த்ததில்லைங்க டாக்டர். அப்புறம் எப்படிங்க மூளைக்குள்ள பன்னிப் புழு வரும்?”

ஆட்டையாம்பட்டி, மல்லசமுத்திரம், ராசிபுரம் பக்கத்து ஊர்களிலிருந்து வலிப்பு வந்த பிள்ளையைச் சேலத்துக்கு அழைத்து வரும் எந்தக் குடும்பமும், ஸ்கேன் முடிவைப் பார்த்ததும் கேட்கக்கூடிய கேள்வி இது. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த நோய் வருவதற்குப் பன்றிக்கறி சாப்பிட வேண்டியதே இல்லை. அதைவிட வியப்பானது ஒன்று உண்டு. ஸ்கேன் படத்தில் பளிச்சென்று தெரிகிற அந்த வெள்ளை வளையம், புழு உள்ளே பலமாக இருக்கிறது என்பதற்கான அடையாளம் அல்ல. புழு செத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கான அடையாளம். உயிரோடு நலமாக இருக்கும் புழு அப்படி ஒளிர்வதில்லை.

இதைப் புரிந்துகொண்டால், ‘கான்ட்ராஸ்ட் போட்டு எம்.ஆர்.ஐ. எடுத்து வாருங்கள்’ என்று மருத்துவர் ஏன் எழுதிக் கொடுக்கிறார் என்பதும், முடிவு வந்த பிறகு அவர் ஏன் உடனே பூச்சி மருந்து எழுதாமல் யோசிக்கிறார் என்பதும் விளங்கும்.

புழுவுக்கு இரண்டு வீடு

டீனியா சோலியம் என்பது பன்றி நாடாப்புழு. வளர்ந்த புழு மனிதனின் சிறுகுடலில் மட்டுமே வாழும். இரண்டு முதல் நான்கு மீட்டர் வரையிலும், சில வேளை அதற்கு மேலும் நீளும். அதன் வால் பக்கத்துத் துண்டுகள் மலத்தோடு வெளியேறும். ஒரு துண்டில் 50,000 முட்டைகள் வரை இருக்கும். திறந்தவெளி மலத்தைத் தின்னும் பன்றியின் வயிற்றுக்குள் அந்த முட்டைகள் போய்ப் பொரிந்து, ரத்தத்தில் ஏறி, தசைகளில் சிறு நீர்ப்பைகளாகத் தங்கிவிடும். அந்தக் கறியைச் சரியாக வேகவைக்காமல் மனிதன் சாப்பிட்டால் நீர்ப்பைக்குள் இருக்கும் இளம்புழு அவன் குடலில் நாடாப்புழுவாக வளரும். 1855-இல் ஜெர்மானிய மருத்துவர் ஃபிரீட்ரிஷ் கூகென்மைஸ்டர், மரண தண்டனைக் கைதி ஒருவருக்கு நீர்ப்பைகள் உள்ள பன்றிக்கறியை உணவில் கலந்து கொடுத்து, தண்டனை நிறைவேறிய பின் குடலில் இளம் நாடாப்புழுக்களைக் கண்டெடுத்தார். அன்றே அதைக் கண்டித்தவர்கள் உண்டு. ஆனாலும் புழுவின் பாதை துலங்கியது அந்தச் சோதனையில்தான்.

கறி சாப்பிடுவதால் நேரடியாக வருவது இவ்வளவே: குடலில் ஒரு நாடாப்புழு. மூளைக்குப் புழு போவது வேறு வழியில். பன்றி விழுங்க வேண்டிய முட்டையை மனிதன் விழுங்கிவிட்டால், பன்றியின் உடலில் நடப்பது மனிதனின் உடலில் நடக்கிறது. முட்டை பொரிந்து வெளிவரும் நுண்கரு குடல் சுவரைத் துளைத்து ரத்தத்தில் கலந்து தசைக்கும் கண்ணுக்கும் மூளைக்கும் போகிறது. மூளையில் தங்கினால் அதற்கு நியூரோசிஸ்டிசர்கோசிஸ் என்று பெயர்.

அந்த முட்டை எங்கிருந்து வருகிறது? பன்றியிடமிருந்து அல்ல, குடலில் நாடாப்புழு உள்ள இன்னொரு மனிதரிடமிருந்து. கழிப்பறைக்குப் போய்விட்டுக் கை கழுவாமல் சோறு பிசைபவர், உணவு பரிமாறுபவர், சாக்கடை நீர் பாய்ந்த தோட்டத்துக் கீரை என்று வழி எதுவாகவும் இருக்கலாம். 1992-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. நியூயார்க் நகரில் பன்றிக்கறியை மத விலக்காகக் கொண்ட வைதிக யூதர்கள் நால்வருக்கு மூளையில் இந்தப் புழு. விசாரித்தபோது, லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்த வீட்டுப் பணியாளர்களை அந்தக் குடும்பங்கள் வேலைக்கு வைத்திருந்ததும், பணியாளர்களிடையே நாடாப்புழுத் தொற்று இருந்ததும் தெரியவந்தது. நம்மூரின் சுத்த சைவக் குடும்பத்துக்கும் இதே விடைதான்.

தொடை எக்ஸ்ரேயில் தொடங்கிய கதை

1888-இல் சென்னையில் வலிப்பு வந்து இறந்த ஒரு கூலித் தொழிலாளியின் மூளையில் இந்த நீர்ப்பைகள் காணப்பட்டதாக வந்த குறிப்பையே இந்தியாவின் முதல் பதிவாக மருத்துவ வரலாறு சொல்கிறது. பின்னர் 1930-களில், இந்தியாவில் பணியாற்றிவிட்டுத் திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு வலிப்பு நோய் அதிகமாக வருவதை ராணுவ மருத்துவர் மெக்கார்தர் கவனித்தார். அப்போது மூளைக்குள் எட்டிப் பார்க்கும் கருவி ஏது? தொடைத் தசையை எக்ஸ்ரே எடுத்து, செத்துச் சுண்ணாம்பாகிப் போன புழுக்கள் நெல்மணி போலக் கிடப்பதைப் பார்த்து, மூளையிலும் இதுதான் இருக்கும் என்று ஊகித்தார்கள்.

1961-இல் டிக்சன், லிப்ஸ்கோம் என்ற இரு மருத்துவர்கள் 450 நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்தியாவில் இருந்துவிட்டுப் போனவர்கள். முட்டை உடலுக்குள் போனதற்கும் முதல் வலிப்புக்கும் இடையே பல ஆண்டுகள் ஓடியிருந்தன. அத்தனை காலமும் புழு என்ன செய்துகொண்டிருந்தது, பிறகு ஏன் திடீரென்று தொல்லை கொடுத்தது என்ற புதிர் அப்போதே எழுந்துவிட்டது. படம் பிடித்து விடை காண இன்னும் சில பத்தாண்டுகள் தேவைப்பட்டன.

வேலூர் தீர்த்துவைத்த குழப்பம்

1980-களில் இந்திய நகரங்களுக்குச் சி.டி. ஸ்கேன் பரவியபோது ஒரு விசித்திரம் தென்பட்டது. வலிப்போடு வரும் சிறுவர்கள், இளைஞர்கள் பலரின் மூளையில் ஒரே ஒரு சிறு புள்ளி; கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றினால் வளையமாக ஒளிரும். காசநோய் மலிந்த நாடு இது. ஆகவே அது காசநோய்க் கட்டி என்றே பலரும் முடிவு கட்டி, மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்தார்கள். புள்ளி மறைந்ததும் ‘மருந்து கேட்டுவிட்டது’ என்றார்கள். ஆனால் காசநோய் மருந்தே சாப்பிடாதவர்களுக்கும் சில மாதங்களில் அது மறைந்தது. ‘மறையும் சி.டி. புள்ளிகள்’ என்று இதற்கு ஒரு பெயரே ஏற்பட்டது.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பு அறுவை மருத்துவர்கள் மாத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகியோரின் குழு, இத்தகைய சிறு புள்ளிகளை அறுவை செய்து எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தது. இருந்தது காசநோய்க் கிருமி அல்ல. செத்துக்கொண்டிருந்த நாடாப்புழுவின் இளம்பருவம். 1989-இல் லான்செட் இதழில் அந்த முடிவு வெளியானது. 1993-இல் இன்னும் ஒரு படி மேலே போய், மண்டையைத் திறக்காமலே இரண்டையும் பிரித்தறியும் விதிகளை அவர்கள் வகுத்தார்கள். கட்டி 20 மில்லிமீட்டருக்குள் இருந்து, ஓரம் சீராக, மூளையின் நடுக்கோட்டைத் தள்ளாமல் இருந்தால், நோயாளிக்கு வலிப்பு தவிர, வளர்ந்துகொண்டே போகும் கை கால் பலவீனமோ மண்டைக்குள் அழுத்தம் கூடிய அறிகுறியோ இல்லையென்றால், அது பெரும்பாலும் புழு. பெரிதாக, ஒழுங்கற்ற ஓரத்தோடு, நாளுக்கு நாள் பாதிப்பைக் கூட்டிக்கொண்டு இருந்தால் காசநோயைச் சந்தேகிக்க வேண்டும். இந்த விதிகள் எத்தனையோ பேரைத் தேவையற்ற மண்டை அறுவையிலிருந்தும் தேவையற்ற காசநோய் மாத்திரையிலிருந்தும் காப்பாற்றின.

அதே கல்லூரிக் குழு வேலூர் மாவட்டத்தில் 50,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கணக்கெடுத்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஆயிரம் பேரில் ஏறக்குறைய நான்கு பேருக்கு வலிப்பு நோய் இருந்தது. அவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்குக் காரணம் இந்தப் புழு. உலக நலவாழ்வு அமைப்பும் புழு பரவியுள்ள பகுதிகளில் வலிப்பு நோயில் ஏறக்குறைய 30 விழுக்காடு இதனால் வருவதாகச் சொல்கிறது. வேலூர்ப் பக்கத்துக் கிராமத்துக்கும் சேலம்–நாமக்கல் பக்கத்துக் கிராமத்துக்கும் வாழ்க்கை முறையில் பெரிய வேறுபாடு இல்லை.

காந்தமும் தண்ணீரும்

இனி கருவிக்கு வருவோம். நம் உடலில் பெரும்பகுதி நீர். நீர் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் இரண்டு ஹைட்ரஜன் அணு. ஒவ்வொன்றின் கருவும் மிகச் சிறிய காந்தம். எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தப்புலம் பொதுவாக 1.5 அல்லது 3 டெஸ்லா. ஆட்டையாம்பட்டியில் நிற்பவர் மீது படும் பூமியின் காந்தப்புலத்தைவிட 1.5 டெஸ்லா முப்பதாயிரம் மடங்குக்கும் மேல் வலிது. அதற்குள் படுத்ததும், கோடானுகோடி ஹைட்ரஜன் கருக்களில் ஒரு சிறு பங்கு கூடுதலாகக் காந்தத்தின் திசையில் அணிவகுக்கும். பிறகு ரேடியோ அலையால் அவற்றைத் தட்டிச் சாய்ப்பார்கள். 1.5 டெஸ்லாவில் அந்த அலையின் அதிர்வெண் ஏறக்குறைய 64 மெகாஹெர்ட்ஸ். நாம் கேட்கும் எஃப்.எம். வானொலி 88-இல் தொடங்குவதால் அதற்குப் பக்கத்து வீடு என்று சொல்லலாம். வெளி அலைகள் புகுந்து படத்தைக் கெடுக்காமல் இருக்கத்தான் ஸ்கேன் அறையின் சுவர்களுக்குள் உலோகத் தகடு அடித்திருப்பார்கள்.

சாய்ந்த கருக்கள் மறுபடி நிமிரும். நிமிர எடுக்கும் நேரம் திசுவுக்குத் திசு மாறும். மூளைத் திசுவில் ஒரு விநாடி அளவு. மூளையைச் சுற்றியுள்ள நீரில் பல விநாடிகள். இந்த நேர வேறுபாட்டைத்தான் கருவி கறுப்பு வெள்ளையாக வரைகிறது. இந்தப் படம் பிடிக்கும் வழியைக் கண்டதற்காக பால் லாட்டர்பர், பீட்டர் மான்ஸ்ஃபீல்டு இருவருக்கும் 2003-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடத்தில் தானே நின்றுவிடும். பெயர் சாவிக்குப் போய்விடுகிறது. அந்தச் சாவி உண்மையிலேயே ஏதாவது செய்யக்கூடிய ஒரே இடம் எம்.ஆர்.ஐ. அறைதான். பையில் மறந்து வைத்த இரும்பு அங்கே காந்தத்தை நோக்கிப் பறக்கும். அதனால்தான் வாசலிலேயே சாவி, செல்பேசி, கொண்டை ஊசி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். உடலுக்குள் பேஸ்மேக்கர், உலோகக் கிளிப் இருந்தாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

கசிவைக் காட்டும் கடோலினியம்

1885-இல் பால் எர்லிஷ் ஒரு விலங்கின் ரத்தத்தில் சாயத்தைச் செலுத்தினார். எல்லா உறுப்பும் நிறம் மாறின. மூளை மட்டும் வெளுப்பாகவே இருந்தது. மூளையின் ரத்த நுண்குழாய்களின் சுவர் மற்ற இடங்களைப் போல இல்லை என்பது பின்னர் தெரிந்தது. அங்குள்ள செல்கள், நெருக்கமாக அடித்து நெய்த தறித் துணியின் இழைகளைப் போல இடைவெளி விடாமல் பூட்டிக்கொண்டிருக்கின்றன. ரத்தத்தில் ஓடும் பெரும்பாலான பொருள்கள் அதைத் தாண்டி மூளைக்குள் கசிய முடியாது. இதுவே ரத்த–மூளைத் தடுப்பு.

எம்.ஆர்.ஐ.யில் போடும் கான்ட்ராஸ்ட் மருந்து இந்தத் தடுப்பை வைத்துத்தான் வேலை செய்கிறது. அதன் உயிர், அணு எண் 64 கொண்ட கடோலினியம் என்ற அருமண் உலோகம். அதன் அயனியில் இணை சேராத எலெக்ட்ரான்கள் ஏழு. ஆகவே அதுவும் ஒரு வலிய நுண்காந்தம். பக்கத்தில் இருக்கும் நீரின் ஹைட்ரஜன் கருக்களை அது வேகமாக நிமிர வைக்கும். வேகமாக நிமிரும் இடம் படத்தில் வெளுப்பாகத் தெரியும். தனிக் கடோலினியம் நச்சு. அதனால் வேறொரு மூலக்கூறுக்குள் அதை இறுகக் கட்டிவைத்தே ஊசியில் ஏற்றுகிறார்கள். ஜெர்மனியின் ஷேரிங் நிறுவனத்தில் ஹான்ஸ்-யோவாகிம் வைன்மான் முதலானோர் உருவாக்கிய இத்தகைய முதல் மருந்துக்கு 1988-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

வழக்கமான அளவு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிமோல். 60 கிலோ உள்ளவருக்கு, பரவலாகப் பயன்படும் மருந்துகளில் ஏறக்குறைய 12 மில்லி. ஊசி போடுவதற்கு முன் ஒரு படம், போட்டுச் சில நிமிடம் கழித்து இன்னொரு படம். நலமான மூளைத் திசுவில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருக்காது, மருந்து ரத்தக் குழாயைத் தாண்டாததால். எங்கே அழற்சியால் தடுப்பு குலைந்திருக்கிறதோ அங்கே மருந்து கசிந்து அந்த இடம் வெள்ளையாகும். கான்ட்ராஸ்ட் காட்டுவது கிருமியை அல்ல. கிருமியோடு உடல் நடத்தும் சண்டையை.

புழுவின் நான்கு பருவம்

இப்போது சிப்பாய்களின் புதிருக்கு விடை சொல்லலாம்.

மூளைக்கு வந்து சேர்ந்த புழு முதலில் ஒரு தெளிந்த நீர்ப்பை. பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர் அளவு. உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பை மட்டுப்படுத்தும் பொருள்களைச் சுரந்துகொண்டு அது சத்தமில்லாமல் ஆண்டுக்கணக்கில் இருக்கும். படத்தில் நீர் நிறத்தில் ஒரு வட்டம்; அதன் ஓரத்தில் ஒரு சிறு புள்ளி. அந்தப் புள்ளிதான் புழுவின் தலை. சுற்றிலும் வீக்கம் இல்லை. கான்ட்ராஸ்ட் போட்டாலும் அநேகமாக ஒளிராது. அந்தத் தலை தெளிவாகத் தெரிந்துவிட்டால் வேறு சான்று வேண்டாம் என்பது, ஈக்வடார் மருத்துவர் ஆஸ்கார் டெல் புருட்டோ முன்னின்று வகுத்து உலகெங்கும் பின்பற்றப்படும் அளவுகோல்.

இரண்டாம் பருவத்தில் புழு வயதாகியோ மருந்தாலோ சாகத் தொடங்குகிறது. எதிர்ப்பை அடக்கிவைத்த பிடி தளர்கிறது. நீர் கலங்கிப் புரதம் சேர்கிறது. அதுவரை ஏமாந்திருந்த உடல் விழித்துக்கொண்டு படையெடுக்கிறது. ரத்த–மூளைத் தடுப்பு குலைகிறது, சுற்றிலும் நீர் கோக்கிறது, கடோலினியம் கசிந்து வெள்ளை வளையமாக நிற்கிறது. முதல் வலிப்பு பெரும்பாலும் இந்தச் சமயத்தில்தான் வருகிறது. மூன்றாம் பருவத்தில் பை சுருங்கிக் கெட்டியான முடிச்சாகிறது. ஒளிரும், வீக்கம் குறைந்துகொண்டே வரும். நான்காவதில் ஒன்று முழுதாக மறைந்துபோகும், அல்லது சுண்ணாம்புப் புள்ளியாக உறைந்துவிடும். அப்போது ஒளிர்வும் அடங்கிவிடும்.

நான்காவதோடு கதை முடிந்தது என்று சொல்லிவிட முடிவதில்லை. சுண்ணாம்பாகிப் போன புள்ளியைச் சுற்றிச் சில ஆண்டு கழித்தும் திடீரென வீக்கமும் ஒளிர்வும் தோன்றி வலிப்பு திரும்புவதை அமெரிக்காவின் தியோடர் நாஷ் குழு விரிவாக ஆராய்ந்திருக்கிறது. எனவே பழைய சுண்ணாம்புப் புள்ளி உள்ளவர்களுக்கு மறுபடி வலிப்பு வந்தால், கான்ட்ராஸ்ட் ஸ்கேன் மறுபடி தேவைப்படலாம்.

சுண்ணாம்புப் புள்ளியைப் பார்ப்பதில் விலை குறைந்த சி.டி. ஸ்கேனே கெட்டிக்காரன். எம்.ஆர்.ஐ.யின் சாதாரணப் படங்களில் அது நழுவிவிடக்கூடும், எஸ்.டபிள்யூ.ஐ. என்ற தனிப் படவரிசை அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டும். மாறாக, புழுவின் தலை, மூளையின் அடிப்பகுதி, மூளைக்குள் நீர் நிறைந்த அறைகள் ஆகியவற்றில் எம்.ஆர்.ஐ.தான் மேல். நீரறைக்குள் மிதக்கும் நீர்ப்பை சி.டி.யில் தெரியாமலே போகும். அது வழியை அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. மருத்துவர் இரண்டு ஸ்கேனையும் கேட்டால் அது வீண் செலவு என்று கோபிக்க வேண்டியதில்லை.

வளையமெல்லாம் புழுவல்ல

அறிக்கையில் ‘ரிங் என்ஹான்சிங் லீஷன்’ என்று வந்தால் அது கேள்வி மட்டுமே. காசநோய்க் கட்டி, சீழ்க்கட்டி, வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்றுநோய் எல்லாம் வளையமாக ஒளிரும். ஆகவே கதிரியல் மருத்துவர் ஒரு படத்தை மட்டும் நம்புவதில்லை. சீழ்க்கட்டியின் நடுப்பகுதி டிஃப்யூஷன் என்ற படவரிசையில் பளிச்சிடும். காசநோய்க் கட்டியில் ஸ்பெக்ட்ராஸ்கோபி என்ற வேதியியல் அலசலில் கொழுப்பின் தடம் எழும். எச்.ஐ.வி. நோயாளியின் மூளை ஆழத்தில் பல வளையங்கள் இருந்தால் டாக்ஸோபிளாஸ்மா என்ற வேறோர் ஒட்டுண்ணியை நினைக்க வேண்டும். ஆடும் நாயும் சேர்ந்து வளரும் பட்டிகளின் நோயான ஹைடாடிட் நீர்க்கட்டி பெரிதாக, வழுவழுவென்று, பெரும்பாலும் ஒளிராமல் இருக்கும். அண்மை ஆண்டுகளில் கேரளத்தில் அச்சமூட்டிய நெக்லீரியா அமீபாவோ சில நாளில் ஆளைச் சாய்த்துவிடுவது. தொடக்கத்தில் ஸ்கேன் இயல்பாகவே தெரியலாம். அங்கே முதுகுத் தண்டு நீரை நுண்ணோக்கியில் பார்ப்பதே முதல் வேலை.

உடனே பூச்சி மருந்து ஏன் இல்லை?

புழு என்று தெரிந்ததும் ஆல்பெண்டசோல் வாங்கிக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். ஒரு வளையம், இரண்டு வளையம் என்றால் அந்த மருந்து பயன்தரும்தான். கிலோவுக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில், வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டோடு சேர்த்து ஒன்று இரண்டு வாரம். ஆனால் மருந்து புழுவைக் கொல்கிறது. புழு சாகும்போதுதான் அழற்சி எழுகிறது. மூளை முழுக்க நூற்றுக்கணக்கில் நீர்ப்பைகள் நட்சத்திர வானம் போலச் சிதறி, மூளையே வீங்கிக் கிடப்பவருக்கு அந்த மருந்தைக் கொடுத்தால் எல்லாப் புழுவும் ஒரே நேரத்தில் சாகும். அந்த வீக்கம் உயிரை வாங்கிவிடும். கண்ணுக்குள் புழு இருந்தால் பார்வை போகும். 2019-இல் பரிதாபாத் மருத்துவமனையிலிருந்து நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஒரு 18 வயது இளைஞனின் ஸ்கேன் படம் உலகெங்கும் பேசப்பட்டது. மூளையிலும் கண்ணிலும் அத்தனை புழு இருந்ததால் மருத்துவர்கள் பூச்சி மருந்தைத் தவிர்த்து, ஸ்டீராய்டும் வலிப்பு மருந்தும் மட்டும் கொடுத்தார்கள். அப்படியும் இரண்டு வாரத்தில் அவன் இறந்துபோனான்.

எத்தனை புழு, எந்த இடம், எந்தப் பருவம் என்பதை கான்ட்ராஸ்ட் எம்.ஆர்.ஐ. சொன்ன பிறகே, கண் பரிசோதனையும் முடிந்த பிறகே, மருந்தைப் பற்றிய முடிவு. பள்ளியில் குடற்புழு நீக்க நாளன்று கொடுக்கும் 400 மில்லிகிராம் மாத்திரை குடற்புழுக்களுக்கானது. மூளைப் புழுவுக்கு வைத்தியம் அல்ல. ஒற்றை வளையம் பலருக்கு ஓராண்டுக்குள் தானே கரைந்துவிடும். வலிப்பு மாத்திரையை மட்டும் மருத்துவர் நிறுத்தச் சொல்லும் வரை நிறுத்தக் கூடாது. சில மாதம் கழித்து எடுக்கும் ஸ்கேனில் வளையம் சுருங்கியிருந்தால் கணிப்பு சரி. வளர்ந்திருந்தால் காசநோய், கட்டி என்று மறுபடி தேட வேண்டும்.

ஊசி போடுவதற்கு முன்

நல்ல சிறுநீரகம் கடோலினியத்தின் பெரும்பகுதியை ஒரு நாளுக்குள் வெளியேற்றிவிடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்குத் தோலும் உள்ளுறுப்பும் இறுகும் ஒரு கொடிய நோய் இந்த மருந்தால் வரக்கூடும் என்று 2006-இல் தெரியவந்தது. அதனால்தான் ஸ்கேனுக்கு முன் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை கேட்கிறார்கள். பலமுறை ஊசி போட்டவர்களின் மூளையில் கடோலினியத்தின் எச்சம் தங்குவதை 2014-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதனால் தீங்கு உண்டென்று நிறுவப்படவில்லை. ஆயினும் கடோலினியத்தைக் கூண்டுபோலச் சுற்றி அடைத்த வகை மருந்துகளே இப்போது விரும்பப்படுகின்றன. கர்ப்பிணிகளுக்கு மிக அவசியமானால் ஒழியத் தருவதில்லை. சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், முன்பு ஊசிக்கு ஒவ்வாமை எதுவாயினும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வேரை வெட்டுவது

ஸ்கேன் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் அது காட்டுவது பல மாதங்களுக்கோ ஆண்டுகளுக்கோ முன் விழுங்கிய முட்டையின் விளைவை. ஒருவர் மூளையில் புழு இருக்கிறது என்றால், அவரைச் சுற்றி எங்கோ குடலில் நாடாப்புழுவோடு ஒருவர் இருந்தார், இப்போதும் இருக்கலாம். அது வீட்டில் உள்ளவராகவே இருக்கலாம். நோயாளியாகவே கூட இருக்கலாம். வீட்டில் எல்லோருக்கும் மலப் பரிசோதனை செய்வதும், நாடாப்புழு இருப்பவருக்கு மருத்துவர் மேற்பார்வையில் நிக்லோசமைடு போன்ற மருந்து கொடுப்பதும் ஸ்கேனைப் போலவே முக்கியம்.

பன்றிக்குப் போடும் தடுப்பூசி ஒன்றை ஆஸ்திரேலியாவின் மார்ஷல் லைட்டவுலர்ஸ் உருவாக்கினார். அதைத் தயாரித்து விற்பது நம் ஹைதராபாத்தின் இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் நிறுவனம். பெரு நாட்டின் வடக்கே தும்பெஸ் பகுதியில் மக்களுக்கு மருந்து, பன்றிகளுக்கு மருந்தும் தடுப்பூசியும் என்று ஒருசேரக் கொடுத்து, 107 கிராமங்களில் பெரும்பாலானவற்றில் இந்தப் புழு பரவுவதையே நிறுத்திக் காட்டியதாக 2016-இல் அறிக்கை வந்தது. நம்மூரில் சாக்கடையில் மேயும் பன்றியை விரட்டுவதோடு பேரூராட்சியின் கடமை முடிந்துவிடுவதில்லை. எல்லோருக்கும் கழிப்பறை, சேலத்தின் கழிவைச் சுமந்து வரும் திருமணிமுத்தாற்றுக்குச் சுத்திகரிப்பு, பன்றி வளர்ப்போருக்குத் தடுப்பூசி ஆகிய மூன்றும் கிடைத்தால் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டிய பிள்ளைகளின் எண்ணிக்கையே குறையும்.

அதுவரை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டியவை சில. வலிப்பு சாபம் அல்ல, பேயும் அல்ல. முதல் வலிப்பு வந்ததும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அறிக்கையில் வளையம் என்று இருந்தால் பயப்படாமல், அது எந்தப் பருவம், எத்தனை, அடுத்த ஸ்கேன் எப்போது என்று கேளுங்கள். கடையில் நீங்களாகப் பூச்சி மருந்து வாங்காதீர்கள். கழிப்பறைக்குப் போய் வந்ததும், சமைக்கும் முன்னும், சாப்பிடும் முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பச்சையாகத் தின்னும் காய்கீரையை நல்ல தண்ணீரில் நன்றாக அலசுங்கள். மூளைக்குள் புழு போகும் வழி வாய்தான். அந்த வழியை அடைக்க ஸ்கேன் தேவையில்லை.